வடம் பிடிக்காத பங்குனி

ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவன் வீடு திரும்பினால், அவனைப் பார்க்க வருகிறவர்கள் கையில் சாத்துக்குடிப் பையும் வாயில் சாங்கோபாங்கமான ஒரு வைத்திய சாஸ்திரமும் கொண்டு வருவது எங்கள் மந்தைவெளியில் அந்தக் காலத்தில் தவறாத சம்பிரதாயமாக இருந்தது. 1978-ஆம் வருஷம் மாசி மாதத் தொடக்கத்தில், குடல்வாலை அகற்றும் சஸ்திர சிகிச்சை முடிந்து, ராமகிருஷ்ண மடம் சாலையை ஒட்டிய ஒரு குறுகிய தெருவில் இருந்த எங்கள் ஓட்டு வீட்டுத் திண்ணையை நான் வந்தடைந்தபோது, அந்தச் சம்பிரதாயத்தின் முழுப் பிரயோகமும் என்மீது நடந்தது. ஒருவர், மூன்று மாதத்துக்கு மாடிப்படியே ஏறக் கூடாது என்றார். மற்றொருவர், தம்முடைய மைத்துனர் பத்தாம் நாளே சைக்கிளில் பாரிமுனை வரை போய்வந்ததாகச் சத்தியம் செய்தார். இருவரும் என் நன்மையையே நாடினார்கள் என்பதில் ஐயமில்லை. இருவர் சொல்லையும் ஒரே சரீரத்தில் அனுஷ்டிப்பது எப்படி என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. சேப்பாக்கத்தில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தா உத்தியோகம். அதைக் காட்டிலும் எனக்குப் பெருமையாக இருந்தது, மயிலாப்பூரில் ஒரு தேகாப்பியாச சாலையில் விடியற்காலையில் கர்லாக்கட்டை சுழற்றுவதும், தண்டாலும் பஸ்கியும் எடுப்பதும், பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாளில் கபாலீசுவரர் தேரின் வடத்தை முன்வரிசையில் நின்று இழுப்பதுமே. இப்படிப்பட்டவனை, ஒரு நாள் மாலை தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கிய வலி, நள்ளிரவுக்குள் வலது அடிவயிற்றில் வந்து நிலைத்து, காலை நீட்டிப் படுக்கவும் இயலாதபடி சுருட்டிப் போட்டுவிட்டது. ராயப்பேட்டை சர்க்கார் ஆஸ்பத்திரியில் என்னைப் பரிசோதித்த சர்ஜன், இடுப்பெலும்பின் முனைக்கும் தொப்புளுக்கும் இடையே, எலும்புக்குச் சற்று அருகில் ஓரிடத்தை ஒரே விரலால் அமுக்கினார், நான் அலறினேன், அவர் தலையசைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அந்த இடத்தை 1889-இல் வகுத்துச் சொன்னவர் நியூயார்க் சர்ஜன் சார்லஸ் மக்பர்னி என்பதும், அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது என்பதும் பிற்பாடு அறிந்தவை.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து சிகிச்சை நடந்தது. இரண்டு நாள் கழித்து, என் ஓயாத கேள்விகளுக்கு இரங்கி, அந்த சர்ஜன் ஒரு பழைய சீட்டின் பின்புறத்தில் படம் வரைந்து விளக்கினார். வயிற்றின் பக்கச் சுவரில் மூன்று தசைப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. ஒன்றின் இழைகள் ஓடும் திசையில் மற்றொன்றின் இழைகள் ஓடுவதில்லை. அவற்றைக் குறுக்கே அறுக்காமல், பாயின் கோரைகளை விலக்கி விரலை நுழைப்பதுபோல், ஒவ்வொரு படலத்தையும் அதன் இழை ஓடும் திசையிலேயே பிரித்து உள்ளே செல்லும் முறையை 1894-இல் மக்பர்னிதான் எழுதி வெளியிட்டார். "வெளியிலே நீ பார்க்கிற தையல் தோலுக்கு மட்டும்தான், தம்பி. உள்ளே இன்னும் நாலு அடுக்கு ஒட்டிச் சேர வேண்டியிருக்கிறது. அது உன் கண்ணுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பின்னாளில் நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அதற்கு முந்திய தினம் நடந்ததுதான் எங்கள் குடும்பத்தில் பெரிய கலகத்தை உண்டாக்கிற்று. சிகிச்சைக்கு மறுநாள் காலை, நர்ஸம்மாள் ஒருத்தி வந்து, ஒருக்களித்துப் படுக்கச் செய்து, கால்களைக் கட்டிலின் ஓரத்தில் தொங்கவிட்டு, கையை ஊன்றி மெல்ல எழச் சொல்லி, ஒரு தலையணையைக் காயத்தின்மேல் அணைத்துப் பிடித்துக்கொள்ளுமாறு பணித்து, வார்டின் கோடி ஜன்னல் வரை என்னை நடத்திக்கொண்டு போனாள். இருமல் வந்தால் அந்தத் தலையணையை அழுத்திக்கொண்டு இரும வேண்டும். மணிக்கொரு தரம் நெஞ்சு நிறைய மூச்சிழுத்து விட வேண்டும். இந்தக் காட்சியைக் கண்ட என் பாட்டி, "பச்சை உடம்புக்காரனை இப்படித் தெருவிலே விடுவாளா ஒருத்தி?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி சப்தமிட்டாள்.

பாட்டியைக் குறை சொல்வதற்கில்லை. அவளுடைய தலைமுறைக்குச் சஸ்திர சிகிச்சை என்றாலே டாக்டர் ரங்காச்சாரிதான். 1934-இல் அவர் காலமானார், பொது ஆஸ்பத்திரியின் வாசலில் இன்றும் சிலையாக நிற்கிறார். அந்த யுகத்தில், இங்கே மட்டுமன்று, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், வயிற்றைத் திறந்து மூடிய நோயாளியை இரண்டு மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்திவைப்பதுதான் உத்தம சிகிச்சை என்று கருதப்பட்டது. அப்படிக் கிடந்தவர்களில் சிலருக்குச் சுவாசப்பையில் சளி கட்டி ஜுரம் கண்டது. சிலருக்குக் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நெஞ்சுக்கு ஏறிப் பிராணனையே கொண்டுபோயிற்று. படுக்கையே வியாதியாகலாம் என்று பிடிவாதமாக வாதாடியவர்களில் ஒருவர் டெட்ராய்ட் நகரத்து சர்ஜன் டேனியல் லீத்தாசர். சிகிச்சைக்குப் பின் நோயாளியைச் சீக்கிரம் எழுப்பி நடமாட விடுவதைப் பற்றி 1946-இல் ஒரு புத்தகமே எழுதினார். இரண்டாம் உலக யுத்தத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கு ஏற்பட்ட பஞ்சமும் அவர் கட்சிக்கு ஆதரவாயிற்று. நடந்தால் குடல் விழித்துக்கொள்ளும், வாயு பிரியும், வாயு பிரிந்தால் கஞ்சி கிடைக்கும். இந்தக் காரண காரியத் தொடர்ச்சியைப் பசித்துக் கிடந்த எனக்கு நர்ஸம்மாள் போதித்தபோது, அதில் மறுப்பதற்கு ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பாட்டி தன் தீர்ப்பைக் கூறினாள்: ஒரு மண்டலம். நாற்பத்தெட்டு நாள் பூண்டு ரசமும் குழைந்த சாதமும். குளிர்ந்த தண்ணீர் கூடாது, காற்றில் உட்காரக் கூடாது, கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது. சர்ஜனோ ஆறு வாரம் என்றிருந்தார். கணக்குப் பார்த்தால் இரண்டுக்கும் ஆறு நாள்தான் வித்தியாசம். கால அளவில் இத்தனை நெருங்கியிருந்த இருவர், அந்தக் காலத்தை என்ன செய்வது என்பதில் வடதுருவமும் தென்துருவமுமாக நின்றதை நான் வெகு நாள் யோசித்திருக்கிறேன். பாட்டியின் மண்டலத்தில் சரீரம் முழுவதும் சும்மா இருக்க வேண்டும். சர்ஜனுடைய ஆறு வாரத்தில், கால் நடக்க வேண்டும், சுவாசப்பை விரிய வேண்டும், குடல் அசைய வேண்டும். வயிற்றுச் சுவர் ஒன்று மட்டும் பாரம் தாங்காதிருக்க வேண்டும். ஓய்வு என்பதை உடம்பு முழுவதற்கும் மொத்தமாக அளந்து கொடுக்காமல், எந்த அங்கத்துக்கு அது தேவையோ அந்த அங்கத்துக்கு மட்டும் கொடுக்கும் இந்த விவேகம் பெரியோர்களின் பத்தியத்தில் இல்லை. ஆயினும், ஆறின காயத்தைப் பார்த்து ஏமாறாதே, ஒன்றரை மாதம் பொறு என்ற அடிப்படையான புத்தி அதில் இருக்கவே செய்தது. அதற்காக நான் இன்றும் அந்தக் கிழவியை நமஸ்கரிக்கிறேன்.

நடை தொடங்கிற்று. முதலில் வாசலுக்கும் கிணற்றடிக்கும் இடையே. பிறகு தெருமுனை வரை. அதன் பிறகு, காலை வெயில் ஏறுமுன், மந்தைவெளி மார்க்கெட்டில் கொத்துமல்லிக் கட்டுகளை அவிழ்த்து உதறும் வேளையில், அந்த வாசனையூடே பஸ் நிலையம் வரை. களைப்பதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும், திரும்பி வரும் வழியும் நடையில் சேர்ந்ததே என்பது சர்ஜனின் கட்டளை. தேகாப்பியாச சாலையில், களைத்த பின்னும் பத்து தண்டால் என்று பழகியவனுக்கு இது விநோதமாக இருந்தது. அடுத்த வாரம் இன்று இடம் தெரியாமல் போய்விட்ட கபாலி டாக்கீஸ் எல்லையாயிற்று. அதற்கடுத்த வாரம் தெப்பக்குளத்தின் படிக்கட்டு. மயிலாப்பூர் முழுவதும் வேகமாய்த் திரிந்தவனாக இருந்தும், சிறு வயது முதல் பார்த்த அந்தச் சாலையின் வீடுகளுக்கு இத்தனை விதமான தூண்கள் உண்டென்பதை அந்த மெதுநடையில்தான் கண்டேன். பஸ்ஸில் ஏறலாம், ஆனால் படியில் தொங்கக் கூடாது என்பது தனி உத்தரவு. பல்லவன் பஸ்ஸில் படியில் தொங்காமல் பிரயாணம் செய்வது அக்காலத்தில் சர்ஜன்கள் நினைத்த அளவுக்குச் சுலபமன்று.

சித்தப்பாவின் சிநேகிதர் ஒருவர், யோகாசனப் பயிற்சி உள்ளவர், அந்த நாட்களில் அடிக்கடி வருவார். அவர் பின்பற்றியது திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் மார்க்கம். 1888-இல் பிறந்து, மைசூர் அரண்மனையில் யோகம் பயிற்றுவித்து, 1950-களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து சேர்ந்த அந்தப் பெரியவர் அப்போது எங்களிடையே ஜீவித்திருந்தார். 1976-இல் அவருடைய குமாரர் டி.கே.வி. தேசிகாச்சார் ஸ்தாபித்த யோக மந்திரம் இன்று எங்கள் மந்தைவெளியில் ராமகிருஷ்ணா நகரில் இயங்குகிறது. ஆசனத்தின் உருவத்துக்காக மனிதனை வளைக்காமல், அவன் வயதுக்கும் நோய்க்கும் தொழிலுக்கும் தக்கபடி ஆசனத்தையே மாற்றிக் கொடுப்பது அவர்களுடைய கொள்கை. கிருஷ்ணமாச்சாரியாருக்குத் தொண்ணூற்றாறாம் வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது, சஸ்திர சிகிச்சையை மறுத்து, படுக்கையில் கிடந்தபடியே செய்யத்தக்க பயிற்சிகளைத் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். அந்த மறுப்பை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். படுத்துக் கிடப்பவனுக்கும் பயிற்சி உண்டு என்ற பாடத்தைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

சித்தப்பாவின் சிநேகிதர் முதலில் என் சர்ஜனின் சம்மதத்தைப் பெற்று வரச் சொன்னார். வந்த பிறகும் எனக்குக் கொடுத்தது மிகவும் சொற்பம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, மூச்சை உள்ளிழுக்கையில் கைகளைத் தலைக்குமேல் மெல்லக் கொண்டுபோய், விடுகையில் இறக்குவது. சில தினங்கள் சென்றபின், மூச்சை விடும்போது முழங்கால்களைக் கையால் பற்றி மார்பை நோக்கிச் சற்றே அணைக்கும் அபானாசனம். புஜங்காசனம், தனுராசனம், உடலை முறுக்கும் ஆசனங்கள், வயிற்றைக் குத்திக் குத்தி மூச்சுவிடும் கபாலபாதி, இவை யாவும் மாதக்கணக்கில் விலக்கு. "நீ கர்லா சுத்தறவன், உனக்கு இது பயிற்சியாவே தெரியாது. தெரியலைன்னா சரியா செய்யறேன்னு அர்த்தம்" என்பார். அந்த மனிதருக்கு வேடிக்கை செய்யத் தெரியாது. ஆகையால் அதை உபதேசமாகவே எடுத்துக்கொண்டேன்.

சங்கடமான காலம் நான்காம் வாரத்தில்தான் வந்தது. வலி அநேகமாகப் போய்விட்டது. தையல் பிரித்த இடம் ஒரு சிவந்த கோடாக மட்டும் இருந்தது. நன்றாகப் பசித்தது, தூக்கம் வந்தது, கண்ணாடியில் பார்த்தால் தோளும் புஜமும் இளைத்திருந்தது கண்டு மனம் துடித்தது. இந்தக் கட்டத்தைத்தான் நான் எல்லாவற்றிலும் அபாயகரமானது என்று கருதுகிறேன். ஏனெனில் வலி விடைபெற்றுக்கொள்ளும் தேதியும் வலு வந்து சேரும் தேதியும் ஒன்றல்ல, நடுவே சில வாரங்கள் காவலற்றுக் கிடக்கின்றன. தோலில் ஏற்பட்ட காயத்தை எடுத்துக்கொண்டாலும், முதல் வாரக் கடைசியில் அதன் உறுதி, காயம்படாத தோலின் உறுதியில் நூற்றுக்குப் பத்துக்குமேல் இராது. மூன்று மாதமான பிறகு எழுபது எண்பதை எட்டும். முழு நூறு ஒருகாலும் திரும்புவதில்லை. நோகவில்லையே என்று பாரத்தைத் தூக்குகிறவன் நூற்றுக்கு நூறு இருப்பதாக எண்ணிக்கொண்டு தூக்குகிறான். எங்கள் தெருவில் ஒரு மளிகைக் கடைக்காரர், இதே சிகிச்சை முடிந்து மூன்றாம் வாரத்தில் அடிபம்பை அடித்து, இரண்டு கையிலும் தண்ணீர்க் குடத்தோடு படியேறினார். சில மாதங்களுக்குள் தழும்பின் ஓரத்தில் ஒரு புடைப்புத் தோன்றி, இருமும்போதெல்லாம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வெளியே வரலாயிற்று. குடலிறக்கம் என்று மறுபடியும் கத்தியின்கீழ் படுத்தார். நிரம்பிய பித்தளைக் குடம் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. எனக்கு அனுமதிக்கப்பட்டதோ, ஒரு சிறிய செம்பு.

இந்தச் செம்பு விஷயத்தில் மனம் நொந்திருந்த எனக்கு ஆறுதலாக சர்ஜன் ஒரு ராஜாவின் கதையைச் சொன்னார். 1902-ஆம் வருஷம் ஜூன் 26-ஆம் தேதி ஏழாம் எட்வர்டுக்கு லண்டனில் மகுடாபிஷேகம் நிச்சயமாகியிருந்தது. இரண்டு நாள் முன்பு குடல்வாலைச் சுற்றிச் சீழ் கட்டி, பிரடரிக் டிரீவ்ஸ் என்ற சர்ஜன் அதைத் திறந்து வடித்தார். குடல்வாலை எடுக்கக்கூட இல்லை, சீழை வடித்ததோடு சரி. பட்டாபிஷேகம் ஆகஸ்டு 9-ஆம் தேதிக்குத் தள்ளிப் போயிற்று, ஆறு வாரத்துக்குமேல் சென்ற அன்றும், சம்பிரதாயப்படி அணிய வேண்டிய, இரண்டு கிலோவுக்குமேல் எடையுள்ள பழைய கிரீடத்தை விடுத்து, இலேசான வேறொரு கிரீடத்தையே அவருக்கு அணிவித்தார்கள், சடங்குகளையும் சுருக்கினார்கள். "சக்கரவர்த்திக்கே அந்தச் சலுகை. உனக்குக் குடம் எதற்கு?" என்றார்.

பங்குனி வந்தது. கொடியேறிற்று. அதிகார நந்தி போயிற்று, ரிஷப வாகனம் போயிற்று. ஏழாம் நாள் தேர். எனக்கு ஐந்து வாரம் முடிந்து ஆறாவது நடந்துகொண்டிருந்தது. என் தகப்பனார், நேரில் கேட்டுவிடுவதே நல்லதென்று, என்னை சர்ஜனிடம் அழைத்துச் சென்றார். அவர் தழும்பை அமுக்கிப் பார்த்து, இருமச் சொல்லிப் பார்த்து, வடம் இழுப்பவன் எப்படி நிற்பான் என்று என்னையே நின்று காட்டச் சொன்னார். காலை முன்னும் பின்னும் ஊன்றி, முதுகைச் சாய்த்து, மூச்சை அடக்கி நான் நின்றதைப் பார்த்துச் சிரித்தார். மூச்சைப் பிடித்து முக்கும் அந்த ஒரு க்ஷணத்தில் வயிற்றினுள் எழும் அழுத்தம் முழுவதும் எங்கே பலவீனமான இடம் உண்டோ அங்கேதான் போய் மோதும் என்றும், மலச்சிக்கலில் முக்குவதும் குடம் தூக்குவதும் வடம் இழுப்பதும் அந்த வகையில் ஒரே ஜாதி என்றும் விளக்கினார். "வடத்தைத் தொட்டுக் கண்ணிலே ஒற்றிக்கொள்ளுங்கள், இழுக்க வேண்டாம். தேருக்குப் பின்னாலே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கட்டும்" என்று தகப்பனாரிடம் கூறினார்.

அப்படியே நான்கு மாட வீதிகளையும் தேரின் பின்னால் சுற்றிவந்தேன். வடத்துக்கு அருகில் நின்ற சிநேகிதர்கள் கூவி அழைத்தார்கள்; ஒருவன் பரிகாசமும் செய்தான். தேர் திரும்பும்போது கட்டை போடுகிறவர்களின் சாமர்த்தியத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. வடம் பிடிக்கிறவனுக்குத் தேர் முதுகுப் பக்கம் அல்லவா இருக்கிறது?

அதற்குப் பிறகு சொல்வதற்கு அதிகமில்லை. ஆறு வாரம் முடிந்ததும் பஸ்கி, கையில் பாரமின்றி. அதன் பிறகு சுவரில் கையூன்றித் தண்டால், பின்பு திண்ணை விளிம்பில், அப்புறம் தரையில். கர்லாக்கட்டை எல்லாவற்றுக்கும் கடைசியில், அதுவும் சிறுவர்கள் சுற்றும் இலேசான ஜோடி. ஒரு பயிற்சியைச் செய்த மறுநாள் தழும்பில் இழுப்போ வலியோ தெரிந்தால் முந்திய படிக்கு இறங்கிவிடுவது என்று தேகாப்பியாச சாலை வாத்தியார் விதித்திருந்தார். ஆடிக் கடைசியில் பழைய கட்டைகளைத் தொட்டேன். அடுத்த பங்குனியில் வடமும் பிடித்தேன்.

சென்ற வருஷம் என் பேரனுக்கு இதே சிகிச்சை நடந்தது. 1980-இல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் கர்ட் செம் என்ற மகப்பேறு மருத்துவர் முதன்முதலாகச் செய்து காட்டி, சக சர்ஜன்களின் வசையைச் சம்பாதித்துக்கொண்ட முறை. வயிற்றில் வாயுவை நிரப்பி, மூன்று சிறு துவாரங்களின் வழியே குழாய்களை நுழைத்துச் செய்வது. மறுநாள் மாலையே வீட்டில் இருந்தான். வயிற்றைவிடத் தோள்பட்டை வலிக்கிறது என்றான். உள்ளே செலுத்திய கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் நேரும் அந்த வலி இரண்டு மூன்று நாளில் தானே அடங்கிற்று. ராஜா அண்ணாமலைபுரத்தில் அவன் போகும் ஜிம்மில் நூறு கிலோ இரும்பைத் தரையிலிருந்து தூக்குவது அவனுக்கு வழக்கம். "தாத்தா, ஓட்டை மூணும் சேர்த்து ஒரு அங்குலம் இல்லை" என்று பத்தாம் நாளே பையை எடுத்துவிட்டான். துவாரம் சிறிதானபடியால் காலம் குறைவதென்னவோ உண்மைதான்: சிக்கல் இல்லாத பட்சத்தில் இரண்டு வாரம் போல நாலைந்து கிலோவுக்குமேல் தூக்காதிருந்து, நடையை நீட்டி, பிறகு டாக்டரின் சம்மதத்தோடு படிப்படியாக ஜிம்முக்குத் திரும்பலாம் என்று சொல்கிறார்கள். வயிற்றைத் திறந்து செய்தவர்களுக்குப் பழைய ஆறு வாரம் அநேகமாக அப்படியே நிற்கிறது. குடல்வால் வெடித்து உள்ளே சீழ் பரவியிருந்தால் எந்தக் கணக்கும் செல்லாது, டாக்டர் சொல்வதுதான் கணக்கு. துவாரத்தின் அளவைப் பார்த்து உள்ளே ஆறியதை ஊகிப்பது மளிகைக் கடைக்காரர் செய்த காரியமே என்று பேரனிடம் சொன்னேன். டாக்டரிடம் கேட்டான், பையைத் திருப்பி மாட்டினான்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்கேனும், அல்லது அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கேனும், இந்தச் சிகிச்சை நேர்ந்தால், திரும்பி வந்த பிறகு ஜுரம் அடித்தாலோ, காயம் சிவந்து சீழ் கசிந்தாலோ, நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி கூடினாலோ, வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ, கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ, பயிற்சியைப் பற்றிய யோசனையை விட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி, வீட்டுக்கு அனுப்பும் தினத்தில் சர்ஜனிடம், ஓய்வாக இருக்க வேண்டுமா என்று பொதுவாகக் கேட்டு நிறுத்திவிடாமல், மாடிப்படி எப்போது, ஸ்கூட்டர் எப்போது, தண்ணீர்க் குடமும் கைக்குழந்தையும் எப்போது, நீச்சல் எப்போது, ஓட்டமும் பாரம் தூக்குவதும் எப்போது என்று உங்கள் பிழைப்புக்கும் பழக்கத்துக்கும் உரியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு, டிஸ்சார்ஜ் சீட்டின் பின்புறத்தில் அவர் கையாலேயே தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.